முதல் போன், முதல் கணக்கு: தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கான சமூக ஊடக வயது வழிகாட்டி

கிரேடு 7 முடித்து ஜனவரியில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகப்போகும் பிள்ளைக்கு டிசம்பர் விடுமுறையிலேயே போன் வந்துவிடுகிறது. சாட்ஸ்வொர்த்தானாலும் லெனேசியாவானாலும் பல வீடுகளில் இதுதான் நடப்பு. பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு முடியும் தறுவாய், அல்லது பதின்மூன்று தொடங்கியிருக்கும். பெரிய சமூக ஊடகச் செயலிகள் வைத்திருக்கும் வயது எல்லையும் 13தான். போன் கைக்கு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் எந்தப் பிறந்த தேதி உள்ளே போகிறதோ, அதை வைத்தே அடுத்த ஐந்து வருடம் அந்தச் செயலிகள் பிள்ளையை நடத்தும். அந்த ஒரு மணி நேரத்தில் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப், எக்ஸ் ஆகியவை அதில் அடங்கும், வாட்ஸ்ஆப் அடங்காது. விதியை மீறினால் தண்டம் நிறுவனத்துக்குத்தான், 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. மெல்பர்னிலோ சிட்னியிலோ சொந்தக்காரர்கள் இருப்பதால் இந்தச் செய்தி நம் குடும்பக் குழுக்களிலும் சுற்றி வந்தது. இங்கேயும் அதே விதிதான் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் அப்படி வயது குறித்த தடைச் சட்டம் எதுவும் இதை எழுதும்போது நடைமுறையில் இல்லை. இங்கே பொருந்துவது போபியா என்று எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2013இல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலாகும் இந்தச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் பிள்ளை என்றே வைக்கிறது. பிள்ளையின் தகவலை ஒரு நிறுவனம் கையாள வேண்டுமானால், சில விதிவிலக்குகள் போக, பெற்றோர் அல்லது காப்பாளரின் முன்சம்மதம் வேண்டும். நாட்டிய வகுப்பு, தமிழ் வகுப்பு, கிரிக்கெட் கிளப், கோயில் இளைஞர் சங்கம் எதுவாக இருந்தாலும், பிள்ளையின் படத்தைத் தன் பக்கத்தில் போடுவதற்கு முன் உங்களைக் கேட்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சம்மத வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை உண்டு.

13 என்ற எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1998இல் நிறைவேறிய ஒரு சட்டம், 13க்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதமின்றி இணையதளங்கள் திரட்டக் கூடாது என்றது. சம்மதம் வாங்கும் வேலையைத் தவிர்க்க, நிறுவனங்கள் 13க்குக் கீழே யாரும் வேண்டாம் என்று விதி எழுதிக்கொண்டன. 13 ஆனால் மனம் பக்குவப்பட்டுவிடும் என்று யாரும் ஆராய்ந்து வைத்த எண் இல்லை அது. உங்கள் பிள்ளைக்கு 14 வரை பொறுக்கலாம் என்று தோன்றினால் தாராளமாகப் பொறுக்கலாம்.

வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட், டிஸ்கார்ட், எக்ஸ் எல்லாவற்றுக்கும் இங்கே குறைந்தபட்ச வயது 13. பெற்றோர் மேற்பார்வை இல்லாத கூகுள் கணக்குக்கும் 13தான். டிக்டாக்கில் நேரலை செய்ய 18, யூடியூபில் தனியாக நேரலை செய்ய 16.

பிறந்த தேதியில் பொய் வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வயதுப் பிள்ளை டிக்டாக் கேட்டு அடம்பிடிக்கிறது. அண்ணனோ அக்காவோ, சில வீடுகளில் அப்பாவே, பிறந்த ஆண்டை மூன்று வருடம் பின்னால் தள்ளிப் போட்டுக் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தச் செயலியின் கணக்கில் பிள்ளைக்கு வயது 13. உண்மையில் 13 ஆகும்போது செயலி 16 என்று வைத்திருக்கும். 15இல், கிரேடு 9 படிக்கும்போதே, செயலி அந்தப் பிள்ளையை 18 வயது முடிந்த பெரியவர் என்று முடிவு செய்துவிடும்.

16க்குக் கீழே இருந்தால் டிக்டாக்கில் தனிச்செய்தி வசதியே கிடையாது. கணக்கு தொடக்கத்திலிருந்தே தனிக்கணக்காக, அதாவது அனுமதி பெற்றவர் மட்டுமே பார்க்கக்கூடியதாக, இருக்கும். பொய்த் தேதி போட்ட பிள்ளைக்கு 13 வயதிலேயே தனிச்செய்தி திறந்துவிடும். 15இல் நேரலைக்குக் கதவு திறக்கும். பெரியவர்களுக்கான விளம்பரங்கள் வரும். இன்ஸ்டாகிராமில் பதின்வயதினருக்கான கட்டுப்பாடுகள் தாமாக விலகும். மேற்பார்வையை இணைக்கலாம் என்று நீங்கள் போனால், 18க்கு மேற்பட்டவரை இணைக்க முடியாது என்று செயலி மறுத்துவிடும். பிள்ளைக்கு ஏதேனும் கெட்டது நடந்து புகார் செய்தாலும், அது பெரியவர் ஒருவரின் புகார் என்றே பார்க்கப்படும்.

சிலர் தங்கள் பிறந்த தேதியையே போட்டுவிடுவார்கள். இது இன்னும் மோசம்: முதல் நாளிலிருந்தே அது நாற்பது வயதுக்காரரின் கணக்கு.

முதல் படி: சிம்மும் போனும்

ரைக்கா சட்டப்படி ஒவ்வொரு சிம்மும் அடையாள எண்ணும் முகவரிச் சான்றும் காட்டிப் பதிவாக வேண்டும். பிள்ளையின் சிம்மை உங்கள் பெயரிலேயே கடையில் நேராகப் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே யார் பெயரிலோ பதிவாகித் தெருவோரத்தில் விற்கப்படும் சிம்மை வாங்கவே வேண்டாம். போன் தொலைந்தால் பதிவு செய்தவர்தான் எண்ணைத் திரும்ப வாங்க முடியும். எண் போனால் அதனோடு கட்டியிருக்கும் வாட்ஸ்ஆப் கணக்கும் போகும். உங்கள் பெயரில் இருப்பதால் அந்த எண்ணிலிருந்து போகும் மிரட்டலும் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புதிய போனைவிட, அப்பாவின் பழைய போன் பிள்ளைக்கு வருவதுதான் அதிகம். இங்கேதான் பெரும்பாலான ஏற்பாடுகள் கவிழ்கின்றன. போனில் அப்பாவின் கூகுள் கணக்கு அப்படியே இருக்கும். பிளே ஸ்டோரும் யூடியூபும் பெரியவரின் பெயரில் ஓடும். பிள்ளையின் கணக்கை அதன் மேல் சேர்த்தாலும் பயனில்லை, ஒரு தட்டில் பழைய கணக்குக்கு மாறிவிடலாம். ஆகவே படங்களைப் பிரதி எடுத்துவிட்டு, செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் செய்து, போனை வெறுமையாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆண்ட்ராய்டு என்றால்:

1. உங்கள் போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் செயலியை நிறுவுங்கள். அதிலேயே பிள்ளைக்குக் கூகுள் கணக்கு தொடங்குங்கள், உண்மையான பிறந்த தேதியுடன்.
2. வெறுமையாக்கிய போனை முதன்முதலில் இயக்கும்போது அந்தக் கணக்கில் மட்டும் நுழையுங்கள். வேறு கணக்கைச் சேர்க்காதீர்கள்.
3. ஃபேமிலி லிங்கில், எந்தச் செயலியை நிறுவினாலும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள்.
4. இரவு நேரப் பூட்டை வையுங்கள். பள்ளி நாட்களில் இரவு 8.30 முதல் காலை 5.30 வரை என்று தொடங்கிப் பாருங்கள்.
5. குரோம் உலாவியின் பகுதிக்குப் போய், பொருத்தமற்ற தளங்களை வடிகட்டும் வசதியை இயக்குங்கள். நீங்கள் தடுத்த செயலிகளின் இணையதள முகவரிகளையும் தடுப்புப் பட்டியலில் சேருங்கள்.

ஐந்தாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிக்டாக் செயலியை மட்டும் தடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பிள்ளை உலாவியில் அதே தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

ஐபோன் என்றால், உங்கள் போனின் செட்டிங்ஸில் ஃபேமிலி பகுதியில் பிள்ளைக்கென ஒரு கணக்கு தொடங்குங்கள். மொத்தம் ஆறு பேர் வரை சேரலாம். பிறகு ஸ்கிரீன் டைமில் கடவுக்குறி வையுங்கள். உங்கள் போனைத் திறக்கும் அதே எண்ணை வைக்காதீர்கள். பிள்ளைக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும்.

13 நிரம்பாத பிள்ளையும் வாட்ஸ்ஆப்பும்

இந்த நாட்டில் இதுதான் உண்மையான தலைவலி. டிக்டாக் வேண்டாம் என்று உறுதியாக நிற்கும் பெற்றோரும் வாட்ஸ்ஆப்பில் தடுமாறுகிறார்கள். கிரேடு 5 வகுப்புக் குழு, நீச்சல் குழு, பரத வகுப்புக் குழு, பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் செய்தி எல்லாம் அதிலேயே வருகிறது. பிள்ளை குழுவில் இல்லையென்றால் வீட்டுப்பாடமே தெரியாது என்ற நிலை.

எங்கள் பரிந்துரை: 13 ஆகும்வரை குழுக்கள் எல்லாம் பெற்றோரின் எண்ணில் இருக்கட்டும். பிள்ளை மாலையில் அரை மணி நேரம் உங்கள் போனில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும். வகுப்பு ஆசிரியரிடமோ பள்ளி ஆளுகைக் குழுவிடமோ எழுத்தில் ஒன்றைக் கேளுங்கள்: கிரேடு 7 வரை வகுப்புக் குழுவில் பெற்றோர் எண்கள் மட்டுமே இருக்க வேண்டும், வீட்டுப்பாடம் டைரியிலும் எழுதப்பட வேண்டும். பள்ளியின் நடத்தை விதிகளை வகுப்பது ஆளுகைக் குழுதான். போனைப் பற்றிய விதியும் அதற்குள் வரும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் எடுபடும், ஒருவர் தனியாகக் கேட்டால் சலிப்பாகப் பார்ப்பார்கள்.

கூப்பிட்டுப் பேசுவதற்கு மட்டும் போன் வேண்டும் என்றால், இணையம் இல்லாத பொத்தான் போனும் ஏர்டைமும் போதும்.

13 ஆனதும் வாட்ஸ்ஆப் திறக்கும் அன்றே பிள்ளையின் போனில் இவற்றைச் செய்துவிடுங்கள். செட்டிங்ஸ், பிறகு பிரைவசி:

1. ‘குரூப்ஸ்’ என்பதில் யார் சேர்க்கலாம் என்ற கேள்விக்கு ‘எவ்ரிஒன்’ என்று இருக்கும். ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றுங்கள். முன்பின் தெரியாத குழுக்களில் பிள்ளை இழுக்கப்படுவது இதனால்தான் நடக்கிறது. பட்டியலில் இதுதான் முதல் வேலை.
2. முகப்புப்படம், கடைசியாகப் பார்த்த நேரம், ஸ்டேட்டஸ் மூன்றையும் ‘மை கான்டாக்ட்ஸ்’ ஆக்குங்கள்.
3. ‘கால்ஸ்’ என்பதில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யுங்கள்.
4. அக்கவுன்ட் பகுதிக்கு வந்து இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஆறு இலக்கக் குறியைப் பிள்ளை ஒரு தாளில் எழுதி உங்களிடம் கொடுக்கட்டும். மின்னஞ்சல் கேட்டால் உங்களுடையதைக் கொடுங்கள்.
5. மாதம் ஒருமுறை ‘லிங்க்ட் டிவைசஸ்’ பாருங்கள். நீங்கள் அறியாத கணினி அதில் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப்

இன்ஸ்டாகிராமில் உண்மையான வயதைக் கொடுத்தால் 18க்குட்பட்டவருக்குப் பதின்வயதுக் கணக்கு தானாகவே அமையும். கணக்கு தனிக்கணக்காக இருக்கும்; தொடர்பில் இல்லாதவர் செய்தி அனுப்ப முடியாது; நாளுக்கு 60 நிமிடம் ஆனதும் நினைவூட்டும்; இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கும். 16 ஆகாதவர் இவற்றைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கேட்டுச் செய்தி வருவதற்கு நீங்கள் மேற்பார்வையாளராக இணைந்திருக்க வேண்டும். உங்களிடமும் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்கட்டும். செட்டிங்ஸில் ஃபேமிலி சென்டரைத் திறந்து அழைப்பு அனுப்புங்கள், பிள்ளை ஏற்றுக்கொள்ளட்டும். கடந்த ஏழு நாட்களில் பிள்ளை யார் யாருடன் பேசியது என்று தெரியும். என்ன பேசியது என்று தெரியாது. பதின்மூன்று வயதுக்கு இந்த அளவு மேற்பார்வை சரியென்றே நினைக்கிறோம்.

டிக்டாக்கில் இரு போன்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, செட்டிங்ஸ் பகுதியில் ஃபேமிலி பேரிங் திறந்து, ஒன்றில் பெற்றோர், மற்றொன்றில் பதின்வயதினர் என்று தேர்ந்து, கியூஆர் குறியைப் படம்பிடித்தால் இணைந்துவிடும். 18க்குக் கீழே எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 60 நிமிட வரம்பு முன்பே இருக்கிறது. ஆனால் இணைக்காத கணக்கில் அந்த வரம்பைத் தாண்டும் குறியைப் பிள்ளையே தட்டிக்கொள்ளலாம். இணைத்தால்தான் கடிவாளம் உங்கள் கையில். பிள்ளை இணைப்பை அறுத்தால் உங்களுக்கு அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைப் பார்த்தும் பாராமல் விட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக மிட்ராண்ட், சாண்ட்டன் பக்கம் அண்மையில் குடிவந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூனிலேயே தடை செய்யப்பட்டது. உங்கள் பிள்ளைக்கு இங்கேதான் அது முதல் அறிமுகம். வகுப்பில் மற்றவர்களுக்கோ வருடக்கணக்கான பழக்கம். கேட்கும் வேகம் அதிகமாக இருக்கும். இந்திய எண்ணிலேயே வாட்ஸ்ஆப்பை வைத்துக்கொண்டு அந்த சிம்முக்குப் பணம் போடாமல் விட்டுவிடாதீர்கள். எண் காலாவதியாகி வேறொருவருக்குப் போனால் கணக்கும் கையை விட்டுப் போகலாம். செயலியிலேயே ‘சேஞ்ச் நம்பர்’ வழியாக இங்குள்ள எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

யூடியூபை ஃபேமிலி லிங்க் கணக்கிலேயே மேற்பார்வையோடு தரலாம். 9 வயதுக்கு மேல், 13க்கு மேல், ஏறக்குறைய முழு யூடியூப் என்று மூன்று நிலைகள் உண்டு. சின்னவர்களுக்கு யூடியூப் கிட்ஸ் தனிச் செயலி. ஓட்டை எங்கே என்றால் பள்ளி விட்டுப் பெற்றோர் வரும்வரை பிள்ளை இருக்கும் ஆயா, தாத்தா வீட்டில். அங்கிருக்கும் டேப்லெட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டியிலும் யாருடைய கணக்கும் இல்லாமல், அல்லது தாத்தாவின் கணக்கில், யூடியூப் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கருவிகளிலும் யூடியூபின் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ இயக்குங்கள். இது ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலை, ஒன்றில் செய்தால் மற்றதில் வராது. வீட்டு வைஃபை ரவுட்டரில், தளங்களின் பெயரைக் கொண்டு அவற்றைத் தேடித்தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் மாற்றினால் ஆபாசத் தளங்கள் அந்த வீட்டு வைஃபை முழுவதும் தடுக்கப்படும். பிள்ளை வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அந்தத் தடுப்பு வேலை செய்யாது. ஆகவே டேட்டாவை அளந்து வாங்கிக் கொடுங்கள்.

செயலியில் நாங்கள் சொன்ன பெயர் கண்ணில் படாவிட்டால் கவலை வேண்டாம், மெனுக்கள் அடிக்கடி இடம் மாறும். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடு பெட்டியில் பெயரைத் தட்டினால் வந்துவிடும்.

ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளம் பற்றி ஒன்றே ஒன்று. அதில் மற்றவரோடு அரட்டையடிக்க, கேமராவில் முகத்தைக் காட்டி வயதைக் கணிக்கும் சோதனை கேட்கிறார்கள். பிள்ளை போனைக் கொண்டுவந்து ‘அம்மா, இதில் கொஞ்சம் பாருங்கள்’ என்றால் பார்க்காதீர்கள். உங்கள் முகத்தைக் காட்டினால் அந்தக் கணக்கு பெரியவர்களின் வயதுக் குழுவில் விழும். பிள்ளை பெரியவர்களோடு பேசும்.

பொய்த் தேதி ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால்

பல வீடுகளில் நிலைமை இதுதான். திட்டுவதற்கு முன் திருத்துங்கள். திட்டினால் பிள்ளை இரண்டாவது கணக்கை மறைவாகத் திறக்கும்.

இன்ஸ்டாகிராமில் அக்கவுன்ட்ஸ் சென்டர், பிறகு பெர்சனல் டீடெய்ல்ஸ், அதில் பிறந்த தேதி. பிள்ளை இப்போது 13 நிரம்பியிருந்தால் உண்மையான தேதிக்கு மாற்றுங்கள். பதின்வயதுக் கணக்கின் பாதுகாப்பு வந்துவிடும். எத்தனை முறை மாற்றலாம் என்பதற்கு வரம்பு உண்டு, ஆகவே விளையாட்டாகத் தட்டாதீர்கள். 13 நிரம்பாத பிள்ளையின் உண்மைத் தேதியைப் போட்டால் கணக்கு முடக்கப்படும். அதனால் முதலில் படங்களையும் காணொளிகளையும் இறக்கிவைத்துக்கொண்டு, பிறகு நீங்களே கணக்கை நீக்குவதுதான் ஒழுங்கான வழி. டிக்டாக்கில் தேதியைத் திருத்துவது இழுபறியான வேலை. பழையதை நீக்கிவிட்டு, வயது வந்ததும் உண்மைத் தேதியுடன் புதிதாகத் தொடங்குவது எளிது.

நீக்கியதும் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஃபேஸ்புக் மூன்றிலும் 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குள் பிள்ளை பழைய கடவுச்சொல்லில் ஒருமுறை நுழைந்தால் கணக்கைத் திரும்ப உயிர்ப்பித்துவிடலாம். நீக்கும் முன் கடவுச்சொல்லை மாற்றி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பமே போடும் படங்கள்

ஜனவரியில் பள்ளி திறக்கும் முதல் நாள் படத்தை நினைத்துப் பாருங்கள். புதுச் சீருடையில் பிள்ளை வாசலில் நிற்கிறது. சட்டைப் பையில் பள்ளியின் சின்னம். பின்னால் காரின் நம்பர் பிளேட், சுவரில் வீட்டு எண். கீழே அம்மா எழுதிய வரியில் பிள்ளையின் முழுப் பெயர், வகுப்பு; பெரியம்மாவின் பின்னூட்டத்தில் செல்லப் பெயர். பிறந்த நாள் போன ஆகஸ்டில் போட்ட கேக் படத்திலேயே இருக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் ‘அம்மா அனுப்பினார்கள்’ என்று சொல்லி ஒருவர் வர இதற்கு மேல் வேறெதுவும் தேவையில்லை.

படம் போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னத்தை வெட்டிவிடுங்கள், பெயரைக் குறிக்காதீர்கள், குடும்பக் குழுவுக்குள் மட்டும் பகிருங்கள். காவடி, தீமிதித் திருவிழாப் படங்களை அன்றைக்கே இடத்தோடு போடாமல் வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். சொந்தக்காரர் தன் பக்கத்தில் போடுவது குடும்ப விவகாரம் என்பதால் போபியா அதைத் தொடாது. போனில் கூப்பிட்டு அன்பாகச் சொல்லி எடுக்கச் செய்வதுதான் வழி. பத்து வயதைத் தாண்டிய பிள்ளையின் படம் என்றால் பிள்ளையிடமே கேளுங்கள். தன் படத்தைப் பற்றி வேண்டாம் என்று வீட்டில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, வெளியாள் படம் கேட்கும்போதும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்.

கெட்டது நடந்துவிட்டால்

பதின்வயதுப் பையன்களுக்கு இப்போது அதிகம் நேரும் ஆபத்து இது. ஒரு பெண்ணின் பெயரில் கணக்கு, இனிமையான பேச்சு, அந்தரங்கப் படம் கேட்பது, படம் போனதும் பணம் கேட்டு மிரட்டல். எல்லாம் ஒரே இரவில் முடிந்துவிடும். மிரட்டுபவர் சொல்லும் முதல் வாக்கியமே ‘உன் வீட்டில் சொன்னால் எல்லோருக்கும் அனுப்புவேன்’ என்பதாக இருக்கும். ஆகவே, என்ன நடந்திருந்தாலும் எங்களிடம் வந்து சொல், போனைப் பிடுங்க மாட்டோம் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

செய்ய வேண்டிய வரிசை:

1. பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள்.
2. எதையும் அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், நாள், நேரம், மிரட்டல் வாசகம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வங்கி விவரமோ எண்ணோ கொடுத்திருந்தால் அதையும்.
3. பிறகு செயலிக்குள்ளேயே புகார் செய்து, அதன் பின் தடை செய்யுங்கள். முதலில் தடை செய்தால் உரையாடல் சில செயலிகளில் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.
4. பிள்ளையின் அந்தரங்கப் படத்தை ஆதாரம் என்று சொல்லி உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பாதீர்கள். 18க்குட்பட்டவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றம். நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் படம் மேலும் பரவுகிறது. போனையே காவல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.
5. டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதன் எண்வழி ரேகையை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை மட்டும் எடுத்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களில் அந்தப் படத்தைத் தேடி நீக்க வைப்பார்கள்.
6. காவல் நிலையத்தில் குடும்ப வன்முறை, குழந்தைப் பாதுகாப்பு, பாலியல் குற்றங்களுக்கான தனிப் பிரிவைக் கேளுங்கள். வழக்கு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சைல்ட்லைன் எண் 116, கட்டணமில்லை. பிள்ளையே நேராகக் கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 10111. இரண்டையும் பிள்ளையின் போனில் இன்றே பதிந்து வையுங்கள்.

வகுப்புத் தோழர்களின் தொல்லை என்றால் வழி வேறு. 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள இணையக் குற்றச் சட்டத்தின்படி, வன்முறை மிரட்டலை அனுப்புவதும் ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி வெளியிடுவதும் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள். இந்த நாட்டில் குற்றப் பொறுப்பு தொடங்கும் வயது 12. ‘சின்னப் பிள்ளைதானே’ என்று மறுபக்கத்துப் பெற்றோர் சொன்னால் இதை நினைவூட்டலாம். உங்கள் பிள்ளையே மறுபக்கத்தில் இருந்தாலும் இதே சட்டம்தான். முதலில் பள்ளி முதல்வருக்கு ஸ்கிரீன்ஷாட்டுகளுடன் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நாளிட்ட ஒப்பம் வாங்குங்கள்.

அதன் பிறகும் நிற்கவில்லை என்றால், சாட்ஸ்வொர்த், வெருலம் போன்ற இடங்களில் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. பெற்றோரின் துணையில்லாமல் பிள்ளையே கூட விண்ணப்பிக்கலாம். தொல்லை தருவது யார் என்று தெரியாமல் வெறும் எண்ணோ போலிக் கணக்கோ மட்டும் இருந்தாலும் விண்ணப்பம் செல்லும். அந்த எண் யாருடையது என்று சொல்லும்படி தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியும். போகும்போது அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், நாள்வாரியாக அடுக்கி அச்செடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள், பள்ளிக்குக் கொடுத்த புகாரின் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். காலையில் நீதிமன்றம் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது; விண்ணப்பத்தை நிரப்ப அங்குள்ள எழுத்தர் உதவுவார்.